உச்சிவேளைப் படையல்

தீபாவளிக்குக்கூட அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. புந்தோங்கிலேயே பிறந்து, புந்தோங்கிலேயே வாக்கப்பட்டு, கச்சான் பூத்தே என்கிற நொறுக்குத்தீனிப் பட்டறையில் முறுக்கும் பக்கோடாவும் பொட்டலம் கட்டிப் பிழைக்கிற புஷ்பலதா, தன் வீட்டில் வெறும் ஆவியில் வெந்ததைத்தான் பரிமாறினாள். எல்லாம் புருஷன் கோகிலனின் ஈரலுக்காக. இவ்வளவு செய்தும் ஈரல் வீக்கம் குறையவில்லை, கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோதுதான் போன வாரக் கதையில் அவளைக் கிளினிக்கில் விட்டுவிட்டு வந்தோம்.

நாக்கை நீட்டச் சொன்னாரே டாக்டர், அதையும் மறந்திருக்க மாட்டீர்கள். கோகிலன் நீட்டினான். நாக்கு கரிச்சட்டி மாதிரி இருந்தது. பயந்துபோனது டாக்டர்தான். புஷ்பலதா பயப்படவில்லை. அது கெமுந்திங் பழத்தின் கறை என்று அவளுக்குத் தெரியும்.

ரோஜா நிறத்தில் பூத்து, கறுத்த ஊதாவில் பழுக்கிற காட்டுச்செடி அது. தின்றால் வாயெல்லாம் மை. சிம்பாங் பூலாய் கல் குவாரியில் லோரி ஓட்டுகிற கோகிலன், ஞாயிற்றுக்கிழமைதோறும் தான் பிறந்த ஆறாங்கட்டைத் தோட்டத்துக்குப் போய் ஒரு பை நிறைய அதைப் பறித்து வருவான். பாதியை அங்கேயே தின்பான், மீதியைப் புஷ்பலதா அரைத்துக் கொடுப்பாள்.

இந்த வைத்தியத்தைச் சொன்னவன் அவள் தம்பி பவித்ரன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு குடித்தனம் நடத்துகிறவன். கொழுத்த தீனி போட்டு எலிகளின் ஈரலை வீங்க வைப்பது, பிறகு அதே தீனியில் பழப்பொடியைக் கலந்து வீக்கம் வற்றுகிறதா என்று பார்ப்பது, இதுதான் அவன் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"மச்சானோட ரிசல்ட்ட பாத்தேன்க்கா. பழத்தோட கறுப்புச் சாயத்துல இருக்குற சத்துதான் மருந்தே. பாலிஃபீனாலுன்னு சொல்வோம். எலிக்கு அழற்சிய கொறச்சிச்சு, அது உண்மை. மனுசனுக்கும் அப்படியே நடக்கும்னு நான் சொல்லலைலா."

"கொறையாட்டிப் போவுது. ஏன்டா கூடுது?"

எலிகளின் கீச்சுச் சத்தத்துக்கு நடுவே பவித்ரன் குரலைத் தாழ்த்தினான்.

"கொழுப்பு எங்கிருந்தோ உள்ள போவுதுக்கா. கொஞ்சநஞ்சம் இல்ல. பழம் ஒரு பக்கம் தண்ணி ஊத்துது, இன்னொரு பக்கம் யாரோ வெறகு அள்ளிப் போடுறாங்க. மச்சான்கிட்ட நல்லா கேளு. வீங்குன ஈரல் திரும்பி வந்துரும். தழும்பு விழுந்துட்டா திரும்பாது."

யாரோ என்ற அந்த ஒரு வார்த்தை புஷ்பலதாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

வீட்டில் அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது. குவாரிக்கும் அவள் கட்டிக் கொடுக்கிற சோறுதான். சக லோரிக்காரர்களிடம் விசாரித்தும் ஆகிவிட்டது. வெளியில் எண்ணெய் விட்டுச் சுடுகிற ஒரு ரொட்டி சானாய்கூடத் தொடுவதில்லையாம், நல்ல பிள்ளை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

மறுநாள் கோகிலன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துப் போனதும், புஷ்பலதா நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நவமணி, கோகிலனின் அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். தாய் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள், இன்றைக்கும் அவனைப் பார்த்தால் முதல் கேள்வி சாப்பிட்டியா என்பதுதான். கையுறை செய்கிற கம்பெனியில் மெஷின் இழுத்து, வலது கையில் மோதிர விரல் போய்விட்டது. அதைக் காட்டியே, மோதிரச் செலவு மிச்சம் என்று சிரிக்கிற ஆள்.

"அக்கா, நான் இன்னிக்கி தோட்டத்துக்குப் போறேன். அவரு அங்க என்னா பண்றாருன்னு பாத்துட்டு வாரேன்."

நவமணி சிரிக்கவில்லை.

"இன்னிக்கா? இன்னிக்கி வேணாம் புஷ்பா. உச்சி நேரத்துல பொம்பளங்க அந்தப் பக்கம் போவக்கூடாது."

"ஏன்க்கா?"

"வேணாம்னா வேணாம்லா," என்று போனை வைத்துவிட்டாள்.

போகாதே என்று சொன்னால் போகாமல் இருக்கிறவளா நம் புஷ்பலதா? மோட்டாரை எடுத்தாள்.

சிம்பாங் பூலாய் தாண்டிக் கேமரன் மலைச் சாலையில் கொஞ்ச தூரம், அப்புறம் செம்பனை எண்ணெய்த் தோப்புக்குள் ஒரு மண் ரோடு. ரப்பர் பால்மரங்களை வெட்டி எத்தனையோ வருஷமாகிறது. செம்பனையும் ஒரு பக்கம்தான். மறுபக்கம் நிலத்தை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாமல் காடு மண்டிக் கிடந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துத் தள்ளிவிட்டார்கள். வாசற்படிகள் மட்டும் எந்த வீட்டுக்கும் ஏறாமல் வரிசையாக நின்றன.

படிகளுக்கு அப்பால் தோட்டத்து இடுகாடு. அங்கேதான் கெமுந்திங் புதர்கள். வேறெங்கும் பெரும்பாலும் இடுப்பளவே நிற்கிற செடி, இங்கே மேடு மேடாக ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு புதர். அதற்குமேல் யோசிக்கப் புஷ்பலதாவுக்கு மனமில்லை. இந்தப் பழத்தைத்தானே தினமும் தன் கையால் அரைத்தோம் என்று நினைத்தவள், உள்ளங்கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

கோகிலனின் மோட்டார் ஓரமாக நின்றது. துணிப்பை கைப்பிடியில் தொங்கியது. தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஒரு பழம்கூட இல்லை.

நல்ல வெயில். தலைக்கு நேராகச் சூரியன். ஆனால் ஒரு குருவி கத்தவில்லை, ஒரு பூச்சி இரையவில்லை. அந்த அமைதியில்தான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. யாரோ வாய் நிறைய வைத்து மெல்லுகிற சத்தம்.

இடுகாட்டின் ஓரத்தில் பெரிய மரம், மரத்தடியில் துத்தநாகக் கூரை, கூரைக்குக் கீழே முனியாண்டி. உருவமெல்லாம் கிடையாது. சிவப்புத் துணி சுற்றிய ஒரு கல், பக்கத்தில் நட்டுவைத்த அரிவாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் கோகிலன்.

"என்னாங்க!"

அவன் திரும்பவில்லை. மெல்லுகிற தாடை மட்டும் பின்னாலிருந்தே தெரிந்தது. மறுபடி கூப்பிட்டாள். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். கொதிக்கிற வெயிலில் அந்தத் தோள் ஜில்லென்று இருந்தது.

அவன் முன்னால் தலைவாழை இலை. இலை கொள்ளாத பன்றிப் பிரட்டல், நெய் சொட்டுகிற கொழுப்புத் துண்டுகள், பொரித்த முட்டை, வடை, ஓரத்தில் வரிசையாகப் பிடி கொழுக்கட்டை. பாதி காலியாகியிருந்தது. முழங்கைவரை எண்ணெய் வழிந்தது.

ஆவியில் வெந்த கீரையையும் மீனையும் வைத்துக்கொண்டு அவள் பட்டபாடு என்ன, இங்கே நடக்கிற கூத்து என்ன! புஷ்பலதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவன் கையைப் பிடித்து இலையிலிருந்து வெடுக்கென்று இழுத்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? சாவணும்னே திங்கிறீங்களா?"

தூக்கத்திலிருந்து எழுந்தவன் மாதிரி அவளைப் பார்த்தான் கோகிலன்.

"நீ எப்ப வந்த?"

"யாரு ஆக்குனது இது?"

"தெரியல."

"தெரியாமத்தான் தின்னீங்களா?"

"வாரா வாரம் இருக்கும் புஷ்பா. நான் பழம் பறிக்க வாரப்ப எலை போட்டுருக்கும். இங்க படைச்சது வீட்டுக்கும் போவக்கூடாது, நாய்க்கும் போவக்கூடாது. எவன் கண்ணுல பட்டுச்சோ அவன் ஒக்காந்து முடிச்சிட்டுத்தான் எழுந்திரிக்கணும். தோட்டத்து மொற அது. எலையத் தாண்டிக்கிட்டுப் போயிப் பழம் பறிக்க முடியுமா, நீயே சொல்லு?"

இப்படியும் ஒரு மனுஷன்! மருந்து பறிக்க வந்த இடத்தில் விஷத்தைத் தின்றுவிட்டு, அதற்கு மேல் மருந்தையும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

அவன் குரல் தாழ்ந்தது. "நான் திங்கிறதாவே எனக்குத் தெரியலையே, என்னான்னு சொல்ல? வாய்தான் மெல்லுது. உப்பா ஒரைப்பான்னு கேட்டா சொல்லத் தெரியாது. ருசியே வரல. எழுந்திரிக்கிறப்ப எலை காலியா இருக்கும், வயிறு மட்டும் கனக்கும். வேற யாரோ ஒக்காந்து சாப்புட்டுட்டுப் போன மாதிரி."

புஷ்பலதா தன் துப்பட்டாவால் அவன் வாயை அழுத்தித் துடைத்தாள். குழந்தைக்குத் துடைப்பதுபோல் பல், நாக்கு, உதடு எல்லாவற்றையும் துடைத்தாள். துணியில் மஞ்சள் எண்ணெய்தான் ஒட்டியது, ஊதா இல்லை.

"இன்னிக்கிப் பழம் திங்கலியா?"

"இன்னும் அந்தப் பக்கமே போவல."

இலையை அப்பால் தள்ளக் குனிந்தவள், கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பிரட்டல் சுட்டது. இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் ஆவி வந்தது. அப்போதுதான் கொழுக்கட்டை அவள் கண்ணில் பட்டது.

பிடி கொழுக்கட்டையில் பிடித்தவளின் விரல் பதியும். நான்கு விரல், நான்கு பள்ளம். இந்தக் கொழுக்கட்டைகளில் மூன்றுதான் இருந்தன. நடுவிரல் பள்ளத்துக்கும் சுண்டுவிரல் பள்ளத்துக்கும் நடுவே மாவு மேடாக நின்றது.

யாருடைய கை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. போனை எடுத்து, சிக்னல் கிடைக்கும்வரை வாசற்படி ஒன்றின் மேல் ஏறி நின்றாள்.

"அக்கா, நீங்க இப்ப தோட்டத்துக்கு வாரீங்க."

"நான் வரக்கூடாதுலா! படையல் வச்சவ அன்னிக்கே திரும்பி வந்து பாக்கக்கூடாது—"

சொல்லிவிட்டுத்தான் நவமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பி உயிரோட வேணும்னா வாங்க," என்றாள் புஷ்பலதா.

வந்துவிட்டாள். வெயிலில் மோட்டார் ஓட்டி வந்த முகம் வெளிறிப் போயிருந்தது. மரத்தடியில் தம்பியையும் பாதி இலையையும் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நீயாடா? நீயாடா சாப்புட்டுக்கிட்டு இருந்த?"

"நீயாக்கா வச்ச?"

கேட்கவே பாவமாக இருந்தது. தம்பிக்கு ஈரலில் நோய், சக்கிட் என்று தெரிந்த அன்றே, அவன் குணமாகிறவரை வாரம் தவறாமல் படையல் போடுவதாக முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டாளாம் நவமணி. சாமிக்கு வைப்பதில் கஞ்சத்தனம் கூடாதென்று, கொழுப்பாகப் பார்த்து வாங்கினாளாம். அடுத்த வாரம் வந்து பார்த்தால் இலை துடைத்த மாதிரி இருக்குமாம். ஏற்றுக்கொண்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் அடுத்தமுறை இன்னும் கொஞ்சம் கூட வைப்பாளாம்.

"அவரு ஏத்துக்கிட்டாருன்னு நெனச்சேன் புஷ்பா. எந்தம்பி ஈரலுலயா போயி ஒக்காந்துச்சு எல்லாம்?"

தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் புஷ்பலதாவுக்கு மறந்தே போயிற்று. இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியை எப்படித் திட்டுவது?

"சரிக்கா, அழாதீங்க. எத்தன மணிக்கு வச்சீங்க? இன்னும் சுடுதே."

நவமணியின் அழுகை சட்டென்று நின்றது.

"விடியக்காலையில வச்சேன்லா. ஆறிப் போயித்தான் கொண்டாந்தேன். எப்படிச் சுடும்?"

மூவரும் இலையைப் பார்த்தார்கள். ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"இனிமே வைக்காதீங்க," என்றாள் புஷ்பலதா.

"வேண்டுதல பாதியில நிறுத்த முடியாது. நிறுத்துனா யாருக்காக வேண்டுனமோ அவங்களத்தான் காவு கேப்பாரு."

"அப்ப வைங்க. ஆனா வேற வைங்க."

நவமணிக்குப் புரியவில்லை. புஷ்பலதா விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. கோகிலனின் பையை எடுத்துக்கொண்டு இடுகாட்டுப் புதருக்குள் போனாள். ஒவ்வொரு மேட்டிலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பறித்தாள். பக்கத்து வாழையில் ஓர் இலையை அறுத்து வந்து, முனியாண்டிக்கு முன்னால் பாதி தின்ற இலைக்குப் பக்கத்திலேயே விரித்தாள். பழங்களைக் குவித்தாள்.

"சாமி," என்றாள் கல்லைப் பார்த்து. பயம் ஒரு பக்கம் இருந்தாலும், பட்டறையில் எடைக்குச் சண்டை போடுகிற அதே குரல்தான். "வாரா வாரம் படையல் வரும். அதுல கொற வைக்க மாட்டோம். ஆனா கறி கொழுப்பு வேணாம். இது உங்க மண்ணுல வெளஞ்சது. உங்களுக்குன்னு வச்சா இவரும் இதத்தான் சாப்புடுவாரு. சரின்னா எடுத்துக்குங்க. எம்புருஷன எங்கிட்ட விட்டுடுங்க."

நவமணி கற்பூரம் ஏற்றினாள். சாமி சாப்பிடுகிற நேரத்தில் மனிதர் பார்க்கக்கூடாது. கற்பூரம் அணைகிற வரைக்கும் எல்லோரும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மூவரும் இடுகாட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கோகிலன் நடுவில். அவன் இடது கையை நவமணியும் வலது கையைப் புஷ்பலதாவும் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை அவன் எங்கேயும் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதில் புஷ்பலதா குறியாக இருந்தாள். விரல்களைக் கோத்து இறுக்கிப் பிடித்தாள்.

காற்று அசையவில்லை. கற்பூர வாசனை வந்தது.

பின்னால் இலை சரசரத்தது. அப்புறம் அந்தச் சத்தம். வாய் நிறைய வைத்து மெல்லுகிற சத்தம். அவசரமில்லாமல், பழத்தை ஒவ்வொன்றாக நசுக்கித் தின்கிற சத்தம். நவமணி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். புஷ்பலதாவுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பிடித்த கையை இன்னும் இறுக்கினாள். அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டே வந்தது.

சத்தம் நின்றது. எங்கோ ஒரு குருவி கத்தியது. நவமணி மெல்லத் திரும்பினாள்.

பிரட்டல் இருந்த இலையைத் தொட்டிருக்கவில்லை. பாதி தின்றது பாதியாகவே கிடந்தது, ஆவிகூட அடங்கி, கொழுப்பு வெள்ளையாக உறைந்து போயிருந்தது. பழம் வைத்த இலை காலி. ஊதாக் கறை மட்டும் ஈரமாக மினுங்கியது.

"ஏத்துக்கிட்டாரு!" என்று கத்திக்கொண்டே நவமணி தம்பியின் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் மண்ணில் விழுந்தாள். "எந்தம்பி பொழச்சிட்டான்லா! ஏத்துக்கிட்டாரு!"

புஷ்பலதாவுக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. எத்தனை நாளைக்குப் பிறகு மூச்சு சீராக வருகிறது! சிரித்துக்கொண்டே புருஷனின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? கேட்டாருல்ல!"

கோகிலன் இன்னும் இடுகாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் அவள் மாதக்கணக்காகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. உதட்டை நாக்கால் மெதுவாகத் தடவிக்கொண்டான்.

"இனிப்பா இருந்துச்சு புஷ்பா," என்றான்.

நாக்கு கறுத்திருந்தது. பல்லெல்லாம் மை. உதட்டோரத்தில் ஊதாச் சாறு புதிதாக வழிந்துகொண்டிருந்தது.

புஷ்பலதா குனிந்து பார்த்தாள். கோத்த விரல்களை அவள் இன்னும் விடவில்லை.